தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

மெல்பர்னில் எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்த செய்தி ஓர் அட்டையில் வந்தது. பெயருக்கு நேர் கீழே குழந்தையின் எடை, கிராம்வரை விடாமல். எங்கள் ஊர்க் கோழிக்கடையில்கூட இவ்வளவு சரியாகச் சொல்லமாட்டார்கள் என்று சிரித்தேன். பிறகு அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பிள்ளையின் எடையை ஊரறியச் சொல்கிறவர்களுக்கு, அதை வெளியில் சொல்லாமலே வாழ்ந்தவளின் வயிற்றெரிச்சல் எப்படித் தெரியும்?

என் மகன் கோகுல் ஒன்றரைக் கிலோகூட இல்லாமல் பிறந்தான். அப்போது கும்மிடிப்பூண்டியில், இரும்பு உருக்கும் ஆலை ஒன்றின் பின்தெருவில் குடியிருந்தோம். கொடியில் காயப்போடும் வெள்ளைத் துணி சாயங்காலத்துக்குள் கரி பிடித்துவிடும். கணவருக்கு அந்த ஆலையில் பிட்டர் வேலை, எனக்குப் பேக்கிங் கம்பெனியில் நின்றபடியே வேலை. "கம்மியா துன்னு, புள்ள சின்னதா இருந்தாதான் சொகமா பொறக்கும்" என்று தெருவே சொன்னது. நானும் தினமும் பாதி வயிற்றோடு எழுந்தேன். மாதம் நிறையுமுன் வலி கண்டது. கழுத்தில் தொப்புள்கொடி சுற்றி, அழாமல் வந்தான். சென்னை ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டியில் வாரக்கணக்கில் கிடந்துவிட்டு அவன் வீடு வந்தபோது, பக்கத்து வீட்டுத் தேசம்மா அக்கா முறத்தில் தவிட்டோடு வாசலில் நின்றிருந்தார். தங்குமோ தங்காதோ என்று பயந்த பிள்ளையை இன்னொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிட்டால் எமன் ஏமாந்து திரும்பிப் போவான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

"இந்தா, தவுட்ட வாங்கிக்கோ. இனிமே இது எம்புள்ள. நீ வளத்து மட்டும் குடு. பேச்சு வந்தப்புறம் திருப்பி வாங்கிக்கினு போ" என்றார் அக்கா.

அதுவரை நான் அவனை 'என் மகன்' என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது. அக்காதான் அவனுக்கு அம்மா, நான் சித்தி. ஒரு வருஷம் விளையாட்டாகப் போனது. ஆனால் இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. மணிக்கணக்கில் மின்விசிறியையே பார்த்துக் கிடப்பான். "ஆம்பள புள்ளைங்க மெள்ளதான் பேசும், இன்னாத்துக்கு பேஜார் ஆவுற?" என்றார்கள். கணவருக்கு இங்கே வேலை கிடைத்தபோது, பேசாத பிள்ளையோடு விமானம் ஏறினோம். திருப்பி வாங்காத பிள்ளையோடும்தான்.

இங்குள்ள குழந்தை டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "நீங்கள் இவனைப் பெற்ற தாயா?" என்பதுதான். கேள்வி எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனாலும் 'என் மகன்' என்று சொல்லப் பயம். "இல்லை. பக்கத்து வீட்டு அம்மாவின் பிள்ளை. தவிட்டுக்குக் கொடுத்துவிட்டோம்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரத்தில் குழந்தைகள் நல அதிகாரி என்று ஒரு பெண்மணி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். தொழிற்சாலையிலிருந்து கணவர் ஓடிவந்து வியர்க்க வியர்க்க விளக்கியும், அந்த அம்மாள் என் வாயால் கேட்க வேண்டும் என்றார். "நான்தான் பெற்றேன்" என்று சொன்னேன். அந்த வாரம் முழுக்க அவனுக்குக் காய்ச்சல் வருகிறதா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

ஆட்டிசம் என்றார் டாக்டர். நல்ல மனுஷி. எடை குறைந்து பிறப்பதும், பிறக்கும்போது மூச்சுத் திணறுவதும் அதற்கான வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும். ஆனால் அப்படிப் பிறக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது வருவதில்லை என்றார். எபிஜெனடிக்ஸ் என்று ஒன்றையும் சொன்னார். மரபணு அப்படியே இருக்க, அதில் எது வேலை செய்யும், எது அடங்கிக் கிடக்கும் என்பதைக் கருப்பையில் கிடைக்கும் உணவும் நெருக்கடியும் மாற்றலாமாம். இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். "உங்கள் மகனுக்கு இதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் தவறில்லை" என்றார். தலையாட்டினேன். எமனையே ஏமாற்றத் தெரிந்த எங்களுக்கு, பிள்ளைத்தாய்ச்சி தட்டில் இன்னொரு கரண்டிச் சோறு போடத் தெரியவில்லையே என்று வீட்டுக்கு வந்து அழுதேன். யாரைத் திட்டுவது? சொன்னவர்கள் எல்லோரும் என் மேல் ஆசை வைத்துத்தான் சொன்னார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வழக்கம்போலத் தேசம்மா அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, புள்ளைய எனக்கே குடுத்துடு."

"பேச்சு வரட்டும்டி. இன்னும் பயமாக்கீது."

"வராமலே பூட்டா? அவனுக்கு நான்தான் அம்மான்னு சொல்லிக்கணும்க்கா. முடியல."

 அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, குடுத்துட்டேன். ஒரே ஒரு வாட்டி அவன் காதுல வையி" என்றார்.

வைத்தேன். ஞாயிறுதோறும் சொல்வதையே அன்றும் சொன்னார்: "அம்மா பேசறண்டா."

கோகுலின் உதடு அசைந்தது. "அம்மா பேசறண்டா" என்றான். அதே இழுப்பு, அதே கும்மிடிப்பூண்டிக் குரல். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதும் இந்தக் குழந்தைகளின் இயல்புதான் என்று டாக்டர் பிறகு சொன்னார். அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது.

"பேசிட்டாண்டி! பேசிட்டான்! இனிமே ஒம்புள்ளடி!" என்று அக்கா அங்கே கத்தினார்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ரிசீவரைக் கன்னத்தோடு அழுத்தி, அந்த வார்த்தையையே அதற்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அதை அவன் கையிலிருந்து வாங்க எனக்கு மனசு வரவில்லை.