முன்னால் போகிறவரின் பின்கொக்கி

எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளுக்கு எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பது அவர் வேலை. ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி. அந்த விசிறியும் கணினியைப் பார்த்துச் சுற்றுமே தவிர அவரைப் பார்த்துச் சுற்றாது. வாரத்தில் ஆறு நாள் இப்படிப் பூனையாக இருக்கிற மனிதர், ஞாயிறு விடிந்தால் புலி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். பக்கத்திலேயே நல்ல தார்ச்சாலை இருக்க, அதை விட்டுவிட்டுச் சேற்றிலும் பாறையிலும் போய்வருவார். இப்படி இன்னும் ஏழு பேர் உண்டு. எட்டுப் பேர் சேர்ந்தால் சங்கம் இல்லாமல் இருக்குமா? தலைவர் ஒரு பல் டாக்டர். வாரமெல்லாம் அடுத்தவர் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒருநாள் வெட்டவெளி வேண்டியிருக்கிறது. அதைக் குற்றம் சொல்வதற்கில்லை.

வண்டியின் முகத்தை நீங்கள் பார்க்கவேண்டும். விளக்கு ஆறு. கம்பியைச் சுற்றி இழுக்கிற வின்ச் ஒன்று. சிவப்புக் கொக்கி இரண்டு. முதுகில் என்ன என்று போய்ப் பார்த்தால் நம்பர் பலகை, டிரெய்லர் மாட்டுகிற இரும்பு உருண்டை, அவ்வளவுதான். ஏன் இப்படி என்று யாராவது கேட்டால், "நான் முன்னால போறவன். பின்னால இழுத்துக்கிற பழக்கம் நமக்குக் கிடையாது" என்பார். மூன்று வருஷமாக எட்டு வண்டி வரிசையில் அவர் ஐந்தாவது.

அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டு டாக்டர், "வர்ற ஞாயித்துக்கிழமை நீங்க முன்னால போங்க சார்" என்றார். மனிதருக்குக் கால் தரையில் படவில்லை. மறுநாள் எடைமேடையில் ஏறின லாரிக்காரர்களுக்கெல்லாம் சீட்டோடு இந்தச் செய்தியும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

டாக்டர் ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். "முதல் வண்டிக்குப் பின்கொக்கி வேணும். சனிக்கிழமை சாயங்காலம் வந்து பார்ப்பேன். இல்லன்னா நீங்க பழையபடி அஞ்சாவதுதான்."

"முன்னால போறவனுக்கு எதுக்கு டாக்டர் பின்னால கொக்கி?"

"முதல்ல சேத்துல மாட்டுறது முன்னால போறவர்தானே சார். முன்னால இருந்து இழுக்க யார் இருக்கா? பின்னால வர்ற நாங்கதான் இழுக்கணும்."

"அதான் உருண்டை இருக்கே."

"அதுல கட்டி இழுத்து அது பிச்சுக்கிட்டு வந்தா, கண்ணாடியை உடைச்சுக்கிட்டு என் மடியில வந்து உக்காரும். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு சார்."

இப்போது நம்மவரின் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஒரு சரக்குக் கிடங்கில் இருக்கிறாள். பாரம் தூக்குகிற சங்கிலி, கொக்கி, பெல்ட் ஒவ்வொன்றையும் சோதித்து, தேறியதற்குத் தகட்டுச் சீட்டுக் கட்டுவதும் தேறாததை வெட்டிப் போடுவதும் அவள் வேலை. அவள் சீட்டு இல்லாமல் அங்கே ஒரு மூட்டை தரையை விட்டு எழும்பாது. இப்படி ஒருத்தியை வீட்டில் வைத்துக்கொண்டு அவர் யாரிடம் யோசனை கேட்டார்? கடையில் கொக்கி விற்ற பையனிடம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் வேலை முடிந்து வந்தபோது, பின்பக்கப் பம்பரில் இரண்டு கொக்கிகள் பளபளத்தன.

"எதுல மாட்டியிருக்கீங்க?"

"பம்பர்லதான். அழகா இருக்குல்ல?"

"ரொம்ப அழகா இருக்கு. துணி காயப்போடலாம்."

"உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?"

"வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. கொக்கியைப் பத்திதான் கொஞ்சம் தெரியும், ஒரு பதினோரு வருஷமா."

அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. காலையில் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிடலாம் என்றாள். அவரும் வீறாப்பாகச் சரி என்றார்.

சனிக்கிழமை காலை, கொக்கியிலிருந்து கொல்லைப் புளியமரத்துக்குப் பெல்ட் கட்டினாள். அறுந்தால் சாட்டைமாதிரி வீசக்கூடாது என்று பெல்ட்டின் நடுவில் ஈரச் சாக்கைப் போட்டாள். வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டுக்காரரை உள்ளே போகச் சொன்னாள். நம்மவர் வண்டியை மெதுவாக முன்னால் நகர்த்தினார். வண்டி வந்துவிட்டது. பம்பர் வரவில்லை. அது மரத்தோடு இருந்துவிட்டது, நம்பர் பலகையோடு.

இறங்கி வந்து பார்த்தவர் படியில் உட்கார்ந்துவிட்டார். வீறாப்பெல்லாம் எங்கே போயிற்றோ. "எடைமேடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே" என்றார், மெல்ல.

சிரிப்பதற்கு இதைவிட நல்ல நேரம் அவளுக்கு வாய்த்திருக்காது. அவள் சிரிக்கவில்லை.

"டாக்டர் எத்தனை மணிக்கு வர்றார்?"

"அஞ்சுக்கு."

"அப்ப படுங்க."

"எதுக்கு?"

"வண்டிக்கு அடியிலதான். வேற எங்க?"

வண்டியின் முதுகெலும்புபோல இரண்டு சேசிஸ் சட்டங்கள் பின்பக்கம் வரை நீண்டிருக்கின்றன. அவர் சொந்த வண்டியில் அவற்றை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். "இதுதான் இழுப்பைத் தாங்கும். பம்பர் வெறும் தகரம்" என்றாள். "வண்டி என்ன எடை?" என்றும் கேட்டாள். ஊர் லாரிக்கெல்லாம் எடை போடுகிறவருக்குத் தன் வண்டியின் எடை தெரியவில்லை. எடைமேடைக்கு ஓட்டிப்போய்ப் பார்த்துவந்தார்: இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் மேலே. "சேத்துல உக்காந்தா இதுபோல ரெண்டு மடங்கு கனக்கும்" என்று, எத்தனை டன் தாங்கும் என உடம்பிலேயே பொறித்த கொக்கிகளாகப் பார்த்து வாங்கிவந்தாள். கொக்கியைச் சட்டத்தோடு பிணைக்கப் பட்டறையில் தடித்த இரும்புத் தகடு வெட்டி வாங்கினார்கள். போல்ட்டை இறுக்கும்போது சட்டம் நசுங்காமலிருக்க உள்ளே குழாய்த் துண்டும் வைத்தார்கள். தலையில் வலுவைக் காட்டும் எண் பொறிக்காத போல்ட்டுகளை அவள் கையாலும் தொடவில்லை. அவர் முகத்தில் துரு கொட்டிக்கொண்டே இருந்தது. "வாயை மூடிக்கிட்டு இறுக்குங்க" என்றாள். துருவுக்கும் வீறாப்புக்கும் சேர்த்துச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

மறுபடியும் மரம், பெல்ட், ஈரச் சாக்கு. இந்தத் தடவை வண்டிதான் நின்றது.

ஐந்து மணிக்கு டாக்டர் வந்தார். குனிந்து, ஒரு சின்ன ஸ்பானரால் கொக்கியைத் தட்டிப் பார்த்தார். சொத்தை இல்லை போலிருக்கிறது. "பம்பர் எங்க சார்?" என்றார். "கழட்டி வச்சிருக்கேன்" என்றார் நம்மவர். அவள் நம்பர் பலகையைக் கம்பி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால் போனார். கொக்கி போட்டவள் பார்க்க வேண்டாமா என்று அவளும் ஏறிக்கொண்டாள். முதல் சேற்றுப் பள்ளம். "இது ஒரு பள்ளமா" என்று இறக்கினார். வண்டி இருக்கை வரைக்கும் உட்கார்ந்துகொண்டது. ஆறு விளக்கும் சேற்றுக்குள். வின்ச் கம்பியைக் கட்ட எதிரே ஒரு செடிகூட இல்லை. டாக்டர் பின்னாலிருந்து பெல்ட்டை மாட்டி இழுத்தார். கொக்கி முனகக்கூட இல்லை. வண்டி சப்பென்று வெளியே வந்தது.

கைப்பேசியில் டாக்டர் கூப்பிட்டார். "என்ன சார், வேற யாராவது முன்னால போகட்டுமா?"

அவர் பள்ளத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னல் வழியே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் டாக்டர். நானே போறேன். கொஞ்சம் மெதுவாப் போவேன்."

இறங்கி, பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். பின்னால் வந்த வழியோரப் புதரில் ஒரு நீளக் கம்பை ஒடித்துவந்து, சேற்றில் குத்தி ஆழம் பார்த்துக்கொண்டே நடந்தார். அவள் நகர்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் குத்திப் பாருங்க" என்று குரல் கொடுத்தாள். அவர் குத்திப் பார்த்தார். அங்கே தரை கெட்டியாக இருந்தது. "வா" என்று கையை அசைத்தார். பின்னால் ஏழு வண்டிகள் காத்திருந்தன.