கீர்த்திக்கு ஒரு புடவை

திரும்பிய பக்கமெல்லாம் கோபுரம் தெரிகிற காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவள், சாமியைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தபாலில் பாடம் வரவழைக்கிறாள் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஏலவார்குழலியின் நாத்தனார் காவேரி வாய்விட்டே சிரித்தாள்.

"கோயிலு அஞ்சு நிமிஷ நடை. நீ என்னடான்னா தபால்காரர்கிட்ட சாமிய கேட்டுக்கினு இருக்கியே அண்ணி!"

ஏலவார்குழலியும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தாள். எதற்காகப் படிக்கிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. நாத்தனாருக்கு என்ன, கட்டிய புருஷனுக்கே சொல்லவில்லை.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தித் தறிக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். கணவர் கைலாசம் வீட்டுத் தறியில் பட்டு நெய்தால், அவள் பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கான நூல் சுற்றிய நாடாவை ஊடே எறிந்து கொடுப்பாள். அவர்களுக்கு ஒரே மகள், கீர்த்தி. காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு கார்த்திகை மாதம் காய்ச்சல் என்று படுத்தாள், நாலாம் நாள் இல்லை. பத்தொன்பது வயது. அதைப் பற்றி விஸ்தாரமாக எழுத எனக்கும் தெம்பில்லை.

கல்யாணமாகாமல் போன பெண்ணை இந்தப் பக்கத்தில் பல குடும்பங்கள் போக விடுவதில்லை. பூவாடைக்காரி என்று வீட்டோடு வைத்துக் கும்பிடுவார்கள். ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை குளக்கரைக்குப் போய், பெயர் சொல்லி அழைத்து, கலசத்தில் வீட்டுக்குக் கூட்டிவருவார்கள். புதுப்புடவை, வளையல், பூ, அவளுக்குப் பிடித்த பலகாரம் எல்லாம் படைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். சுவரில் பல்லி சத்தம் கொடுத்தால் அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம். படைத்த புடவை ஒரு வருஷம் பெட்டிக்குள் இருக்கும். அடுத்த ஆடியில் புதியது உள்ளே போக, பழையதை அந்த வீட்டுப் பெண் யாராவது உடுத்திக்கொள்வாள்.

கீர்த்திக்கான புடவையைக் கைலாசம் கடையில் வாங்க மாட்டார். தம் கையாலேயே நெய்வார். ஊரார் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் முகூர்த்தப் புடவை நெய்த மனுஷன், சொந்த மகளுக்கு இதைத்தான் நெய்ய முடிந்தது. வருஷம் முழுக்க வாயைத் திறக்காதவர், அந்தப் புடவை என்று வந்தால் பேச ஆரம்பிப்பார். "இந்த வாட்டி மாம்பழக் கலர் போடலாமா? அவளுக்கு எடுப்பா இருக்கும்" என்பார்.

முதல் படையலில் பல்லி சத்தம் கொடுத்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஏலவார்குழலிக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இன்றைக்கு வந்தாள், சரி. மற்ற நாளெல்லாம் என் பெண் எங்கே இருக்கிறாள்? சாப்பிட்டாளா, தூங்கினாளா? அந்தச் சமயத்தில்தான் கோயில் மதிலில் ஒரு நோட்டீஸைப் பார்த்தாள். வீட்டிலிருந்தே சைவ சித்தாந்தம், இரண்டாண்டுப் பாடம், மாதம் ஒரு ஞாயிறு வகுப்பு. அன்றைக்கே மனுப் போட்டுவிட்டாள்.

புத்தகங்கள் மாதாமாதம் வந்தன. தறிக்கட்டையில் சாய்த்துவைத்துக்கொண்டு படித்தாள். "சாமிய படிச்சிக்கினே கரைய கோட்ட விட்டுடாதம்மா" என்று கைலாசம் கேலி செய்வார். மகள் போன பிறகு அவர் செய்த கேலி அது ஒன்றுதான் என்பதால், அதற்காகவே அவள் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் படித்தாள்.

இரண்டாம் வருஷம் மூன்றாவது பாடத்தில் அவள் தேடியது கிடைத்தது. உடலை விட்ட உயிர் தன் வினைக்கேற்ப இன்னோர் உடல் எடுக்கும் என்று போட்டிருந்தது. நாலு தடவை படித்தாள். அந்த மாத வகுப்புக்குக் கீர்த்தியின் முதல் வருஷப் புடவையை உடுத்திக்கொண்டு போய், கடைசி வரிசையிலிருந்து எழுந்து நின்றாள். பாடம் நடத்துகிற கலைவாணனுக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு.

"சார், வேற உடம்பு எடுத்துட்ட உயிர, பழைய வீட்ல பேர் சொல்லி கூப்ட்டா வருமா?"

"வராதும்மா" என்றார் அவர். "அதுக்குப் பழைய வீடே ஞாபகம் இருக்காது. இப்ப அதுக்கு வேற அம்மா, வேற அப்பா."

நல்ல மனுஷன்தான். யார் கேட்கிறாள், எதற்குக் கேட்கிறாள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவள் "சரிங்க சார்" என்று உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு நடந்து வருகிற வழியில், யாரோ ஒருத்தி இடுப்பில் வைத்திருந்த குழந்தை இவளைப் பார்த்துச் சிரித்தது. ஏலவார்குழலி நடுத்தெருவில் நின்று அழுதாள்.

கைலாசத்திடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? அடுத்த ஆடிக்கென்று அப்போதே தறியில் ஓடிக்கொண்டிருந்தது மாம்பழக் கலர் புடவை. அவர் நெய்ய நெய்ய, வராத பெண்ணுக்காக இவள் கரை நாடாவை எறிந்துகொண்டிருந்தாள்.

பரீட்சையில் அதே கேள்வி வந்தது. பிழையில்லாமல் எழுதினாள். முதல் வகுப்பு. சான்றிதழைக் கைலாசம் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கீர்த்தியின் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க வீட்டம்மா வாங்குனது" என்று காட்டினார்.

ஆடி வெள்ளி வந்தது. குளக்கரையில் அழைத்தார்கள், கலசத்தை வைத்தார்கள், மாம்பழக் கலர் புடவையை விரித்துப் படைத்தார்கள். சூடம் எரிந்து அணைந்தது. பல்லி சத்தம் கொடுக்கவில்லை. மறுபடியும் சூடம் ஏற்றினார்கள். அப்போதும் இல்லை. காவேரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுவரையே பார்த்துக்கொண்டிருந்த கைலாசம் மனைவி பக்கம் திரும்பினார்.

"குழலி, நீதான் படிச்சவளாச்சே. நீ சொல்லு. நம்ம பொண்ணு வந்துட்டாளா?"

அவள் சுவரில் இருந்த சான்றிதழையும் அதன் பக்கத்தில் இருந்த மகளின் படத்தையும் பார்த்தாள்.

"வந்துட்டாளுங்க" என்றாள். "இதோ, புடவைய பாத்துக்கினு நிக்குறா."

கைலாசம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கலர் புடிச்சிருக்குதான்னு கேளும்மா."

அவள் கலசத்தின் பக்கம் குனிந்து, கேட்பதுபோல் கொஞ்ச நேரம் இருந்தாள்.

"புடிச்சிருக்குதாம்" என்றாள்.