ரசம் சோறும் புரோட்டீன் டப்பாவும்

இரண்டு வருடத்துக்கு முன், பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம். திண்டிவனம் – விழுப்புரம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் என் கணவர், மயிலம் கூட்ரோட்டில் படியிலிருந்து தவறி விழுந்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. விழுப்புரத்தில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். இரண்டு மாதம் அந்தக் காலை ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

பஸ் முதலாளி வீட்டுக்கே வந்து பார்த்தார். மூன்று மாதம் வரை வேறு ஆளைப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் இருபது வருடமாக, ஓடுகிற பஸ்ஸில் நின்றே பழகிய மனிதர். அந்த வேலை போனால் ஆளே உடைந்துபோவார் என்று எனக்குத் தெரியும்.

நான் ஒலக்கூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். வீட்டில் யார் பேச்சையும் லேசில் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் பத்தியம் என்றால் மட்டும் தெருவில் போகிறவர் சொன்னாலும் கேட்பேன். அவரைப் பார்க்க வந்த நாத்தனார் முதல் வேலையாகச் சமையலறைக்குள் நுழைந்தார்.

"முட்டை, பருப்பு, கருவாடு, மல்லாட்டை எதையும் கண்ணுல காட்டாத. தையல் சீழ் வச்சிக்கும்."

அவ்வளவுதான், வேர்க்கடலை வரை எல்லாவற்றுக்கும் தடை. ரசம் சோறு, இட்லி, ரொட்டி, அரிசிக் கஞ்சி. இவற்றைத் தாண்டி இரண்டு மாதம் அவர் வாயில் எதுவும் படவிடவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆப்பிளோடு புரோட்டீன் பவுடர் டப்பாவும் வாங்கி வந்தார்கள். படுத்தே கிடந்தால் சதை கரைந்துவிடும், இதைக் குடித்தால் கரையாது என்றான் என் தம்பி. அதிலும் என் பத்தியத்தைப் புகுத்தினேன். டப்பாவுக்குள் கிடந்த பெரிய கரண்டியைப் பார்த்ததும் உடம்புக்குச் சூடாகிவிடுமோ என்று பயந்து, அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஒரு டீ ஸ்பூன் பவுடரை வெந்நீரில் கலக்கிக் கொடுப்பேன். படுத்தபடியே தொடையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி ஒன்றை ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் செய்யும்போது முகம் சுளித்தார். வலிக்கிறது என்றால் எதற்கு என்று அதையும் நிறுத்தச் சொன்னது நான்தான்.

இரண்டு மாதம் கழித்து விழுப்புரம் போனோம். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து அறையில் பிசியோதெரபி செய்யும் பெண் வாக்கரைக் கொடுத்து அவரை நிற்கச் சொன்னாள். எழுந்தார். கால் வெடவெடவென்று நடுங்கியது, முட்டி மடங்கியது. அந்தப் பெண் தாங்கிப் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பார். மறுபடி முயன்றார், முடியவில்லை. உட்கார்ந்து தன் தொடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் டேப்பை எடுத்து இரண்டு தொடைகளையும் அளந்தாள். அளக்கவே தேவையில்லை, கண்ணுக்கே தெரிந்தது.

"எலும்பு சேந்துடுச்சிக்கா. சதைதான் ரொம்ப கொறைஞ்சிருக்குது. இன்னா சாப்புடறாரு?"

நான் பெருமையாகவே பத்தியத்தை ஒப்பித்தேன். பவுடரையும் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். "தெனமும் ஸ்கூல்ல எத்தினி முட்டை அவிக்கிறன்னு மேடத்துக்குச் சொல்லு."

அவர் குத்திக் காட்டியதாகத் தெரியவில்லை. ஆனால் எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நூற்று எழுபது பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முட்டை என்று எண்ணிப் போட்டு, சாப்பிடாத பிள்ளையை அதட்டிச் சாப்பிட வைக்கிறவள் நான்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "பவுடர் தப்பில்லக்கா. சாப்பாட்ட நிறுத்திட்டு ஒரு ஸ்பூன் பவுடர் குடுத்தா எப்டி? அதோட, காலுக்கு வேலையும் குடுக்கணும். பத்தியம் இருக்கச் சொல்லி டாக்டர் சொன்னாரா?"

சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஊரையே கேட்டவள் டாக்டரை மட்டும் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன். டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து, கிட்னி நன்றாக இருக்கிறது, புரோட்டீனைக் குறைக்க வேண்டியதில்லை, வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதை இவரும் சாப்பிடலாம் என்றார். பவுடர் எவ்வளவு என்பதையும் எழுதிக் கொடுத்தார்.

இரண்டு பேர் தாங்கி ஏற்றிவிட்ட பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு மனசே ஆறவில்லை. முதலில் நாத்தனார் மேல் கோபம் வந்தது. பிறகு இவர் மேலேயே வந்தது. "வாயத் தெறந்து கேட்டிருக்கலாம் இல்ல? பசிக்கலையா உங்களுக்கு?" என்றேன்.

"பசிச்சுது. நீ வேலைக்கும் ஓடிக்கினு எனக்கும் பாத்து பாத்து செஞ்சிக்கினு இருந்த. நான் வேற அது இதுன்னு கேட்டா நீ பேஜாராயிடுவ. அதான் வுட்டுட்டேன்."

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றபோது நான் அழுதுகொண்டிருந்தேன். முன் சீட்டு அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று ராத்திரியே பருப்பு கடைந்தேன். மறுநாளிலிருந்து முட்டை, மீன், சுண்டல். காலையும் மாலையும் பக்கத்தில் உட்கார்ந்து பயிற்சி செய்ய வைத்தேன். அவர் முகம் சுளித்தால் எனக்கும் வலிக்கும், ஆனால் நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனாலும் முதலாளி சொன்ன மூன்று மாதம் ஓடிவிட்டது. அந்த பஸ்ஸில் வேறு ஆள் ஏறிவிட்டார். அந்தச் செய்தி வந்த அன்று இவர் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார். இன்னும் மூன்று மாதம் போனபின், அதே முதலாளியின் வேறொரு வண்டியில் இடம் கிடைத்தது. இப்போது ஓடுகிற பஸ்ஸில் பிடிமானம் இல்லாமலே நிற்கிறார். ஆனால் அந்தத் தொடை இன்னும் கொஞ்சம் இளைத்துத்தான் இருக்கிறது.

ஒருவரைப் பார்த்துக்கொள்வது என்றால் முதலில் அவரைக் கேட்க வேண்டும் என்பதை, என் கணவர் இரண்டு மாதம் என் கண் முன்னாலேயே அரைப்பசியோடு படுத்திருந்த பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன்.