முதலில் கண்ணைக் கழுவணும்

அம்பத்தூரில் ஒரு முலாம் பூசும் பட்டறையில் வேலை செய்கிறேன். போன மாதம் கேனிலிருந்து ஆசிட் ஊற்றும்போது, உடன் வேலை செய்யும் செல்வியின் கண்ணில் தெறித்துவிட்டது. கண் கழுவும் குழாயை மறைத்து அட்டைப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அவற்றைத் தள்ளிவிட்டு அவளை இழுத்துப் போனேன்.

“எரியுதுக்கா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்” என்று துடித்தாள்.

“மொதல்ல கழுவணும். கண்ணத் தொறந்துகினே இரு” என்று இமைகளை விரித்துப் பிடித்தேன். ஆட்டோ வந்து நின்ற பிறகும் விடாமல் கழுவினேன். அதனால்தான் பார்வை தப்பியது என்றார் டாக்டர்.

மறுவாரமே சூப்பர்வைசர் மறுபடி அந்தக் குழாய்க்கு முன்னால் பெட்டி வைக்க வந்தார்.

“இங்க வெச்சீங்கன்னா நாங்க கேனைத் தொட மாட்டோம் சார்” என்றேன். பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது தினமும் அந்தக் குழாயில் தண்ணீர் வருவதைப் பார்த்த பிறகுதான் கையுறை மாட்டுகிறேன்.