தட்டிவிட்டு நில்லுங்க

பக்கத்து அறையில் இருமினாலும் கேட்கிற, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், தனக்கென்று ஒரு மூடிய கதவு வேண்டும் என்று ஒருவர் கேட்கலாமா? ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஜெயந்தினி கேட்கிறார். "தட்டிட்டு நில்லுங்க," என்று உள்ளிருந்து குரல் வரும். உப்புக் கேட்டு வந்தவரும் நிற்க வேண்டும். கொழும்பில் வேலை செய்யும் கணவரும் விடுமுறைக்கு வந்தால் தட்டிவிட்டே நுழைவார். அதைச் சொல்லி லயமே சிரிக்கும்.

"தட்டிட்டு வர, நீ என்னடி தொரசாணியா?" என்பார் அடுத்த அறைக் கருப்பம்மா.

"தொரசாணி இல்லக்கா, மனுசி."

லயத்துக்கு வந்துபோகும் எனக்கு இந்தப் பிடிவாதம் முழுக்கப் பிடித்ததில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு ஓடிவந்த கருப்பம்மாவின் மகளையும் தட்டச் சொன்னவர் இவர்.

ஜெயந்தினி அரபு நாட்டில் ஒரு வீட்டில் சில வருடங்கள் வேலை செய்திருக்கிறார். படுக்கிற அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. கூட வேலை செய்த எத்தியோப்பியப் பெண் தூங்கும்போது இவர் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார், பிறகு இவர் தூங்க, அவள். "அவ பேசுறது எனக்கு வெளங்காது. பயம் மட்டும் ஒண்ணுதான்."

போன மழைக்காலத்தில் அறைகளைப் பார்வையிட வந்த தோட்ட உத்தியோகத்தர் தட்டாமல் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை.

"தட்டுங்கய்யா."

"லயம் தோட்டத்துக்குச் சொந்தம், தெரியுமா?"

"ஆமாங்கய்யா. நான் தோட்டத்துக்குச் சொந்தமில்லையே."

அடுத்த வாரம், பழுதுபார்ப்பதாகச் சொல்லி அந்தக் கதவைக் கழற்றிப் போனார்கள். வாசலில் ஒரு சேலையைக் கட்டிவிட்டு, ஜெயந்தினி சரியாகத் தூங்காமல் வேலைக்குப் போனார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் தினமும் ஒரே கேள்வி: "ஐயா, கதவு?" முதலில் பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி, "எங்க கதவும் ஒடஞ்சு கெடக்குங்கய்யா," என்றாள். அதன்பின் சிரிப்பு குறைந்தது.

புதுத் தாழ்ப்பாளோடு கதவு வந்த நாளில் நான் அங்கே இருந்தேன். லயத்தில் எல்லா வாசலும் ஒரே அளவு. கதவு மாட்ட வந்த தச்சரை ஜெயந்தினி கருப்பம்மாவின் வாசலுக்குக் கூட்டிப்போனார். அங்கே கதவு உளுத்து விழுந்து வெகுநாளாகிறது; வயதுக்கு வந்த இரண்டு பெண்கள் ஒரு சாக்குக்குப் பின்னால் படுக்கிறார்கள்.

"இதுல மாட்டுங்கண்ணே."

"அப்ப ஒனக்கு?" என்றார் கருப்பம்மா.

ஏன் என்று நானும் கேட்டேன். ஜெயந்தினி கதவு சரியாமல் இரு கைகளாலும் தாங்கிக்கொண்டு, "அண்ணே, ஆணிய அடிங்க," என்றார்.