கல்மண்டபம் வரைக்கும்

என் அக்கா வியாகுலம்மாளின் புருஷன் சவரிநாதன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பத்து டன் இரும்பைக் கப்பலிலிருந்து தூக்கி, கீழே நிற்கிறவன் தலைமுடி கலையாமல் இறக்குவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் வீட்டுக்கு வந்தால் ஒரு தகர டப்பாவுக்கு அடிமை. டப்பாவின் பெயர் மாரிஸ் எயிட், 1937-ஆம் வருஷத்துக் கார். ரயில்வேயில் கார்டாக இருந்த ஹென்றி என்பவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும்போது, ஓடாத நிலையில் இருந்த அதை மாமா தலையில் கட்டிவிட்டுப் போனார். அது 1964.

அதை வாங்க அக்கா தன் கை வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். காசிமேட்டில் எங்கள் தெருவே அவளைப் பைத்தியம் என்றது. நானும் சொன்னேன். அவளோ புருஷனிடம் மட்டும் ஒன்று கேட்டாள்.

“ஓட ஆரம்பிச்சதும் என்னை மெரினாவுக்கு இட்டுகினு போய்யா. வேற ஒண்ணியும் வாணாம்.”

எங்கள் வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் கடல். இவள் கடல் பார்க்க மெரினா போக வேண்டுமாம்! கேட்டால், அங்கே பணக்கார வீட்டுப் பெண்கள் காரைக் கடற்கரைப் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு, முன் சீட்டில் உட்கார்ந்தபடியே சுண்டல் சாப்பிடுவதைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறாள். அப்படி ஒரு நாள், ஒரே ஒரு நாள், தானும் உட்கார வேண்டும். ஆசைப்படுவதற்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று அன்று சிரித்தேன். இன்று சிரிப்பு வரவில்லை.

வண்டியை ஓட வைக்க மாமாவுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. ஓடியது என்றால், அதன் இஷ்டத்துக்கு ஓடியது. அதற்கு இரண்டு குணங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டால், ஆறுகிற வரைக்கும், அதாவது அரை மணி நேரத்துக்கு, என்ன செய்தாலும் உயிர் வராது. பிறகும் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். அந்தத் திருப்பணிக்காகத்தான் பின் சீட்டில் வால்டர் என்கிற நான். இன்னொன்று, முன் விளக்குகள் எரியாது. இருட்டுவதற்குள் வீடு திரும்பியே ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மாமா வண்டிக்கு அடியில் படுத்தால், கிளம்ப நாலரை மணி ஆகிவிடும். அக்கா நீல வாயில் புடவை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்து, ராணி மாதிரி முன் சீட்டில் ஏறுவாள். தெரு முழுக்க வாசலுக்கு வரும். வண்டி கடகடவென்று கல்மண்டபம் முனைக்குப் போய்ச் சேரும். அங்கே நடுவில் நின்ற போக்குவரத்து ஏட்டு ராமசுப்பு கையை நீட்டுவார்.

“ஓரமா நிறுத்துங்க அண்ணாச்சி. எஞ்சினை ஆஃப் பண்ணுங்க.”

எஞ்சினை அணைத்தால் அன்றைய மெரினா அதோடு சரி; அது ஆறிக் கிளம்பி, மெரினா போய்த் திரும்புவதற்குள் இருட்டிவிடும். ராமசுப்பு திருநெல்வேலிப் பக்கத்து ஆள். லைசென்சைப் பார்ப்பார், ஆர்.சி. புத்தகத்தைப் பார்ப்பார், வரி கட்டிய சீட்டைப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருக்கும். பிறகு பானெட்டைத் திறக்கச் சொல்லுவார். எஞ்சின் நம்பரைப் பார்க்கிறேன் என்று குனிந்தால் கால் மணி நேரம் நிமிர மாட்டார். கடைசியில், “இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குக் கொண்டு போயிருங்க” என்று நல்ல புத்தி வேறு சொல்லுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடுத்த ஞாயிறும் அதேதான். அதற்கடுத்த ஞாயிறும். லாரிக்காரன் புகையைக் கக்கிக்கொண்டு போவான், அவனை விட்டுவிடுவார். எங்களைக் கண்டால் மட்டும் கை தானாக நீளும்.

“மாமா, பேசாம சந்து வழியா பூந்து பூட்லாம்” என்றேன் ஒரு நாள்.

“நான் இன்னா திருடனா? பேப்பர்லாம் கிளீனா கீது. ஷோக்கா மெயின் ரோட்லதான் போவேன்” என்றார். அந்த வீறாப்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை, வயிறு எரிந்துதான் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் யாரிடம் காரியம் ஆக வேண்டுமானாலும் கையில் மீனோடு போவோம். பள்ளிக்கூட வாத்தியாருக்கு மீன், ஆஸ்பத்திரி கம்பவுண்டருக்கு மீன், கோயில் கணக்கருக்கு மீன். ஏட்டும் அதற்காகத்தான் அடி போடுகிறார் என்று நான் முடிவு கட்டினேன். அக்கா அடுத்த வாரமே சங்கரா மீனை மசாலா தடவி வறுத்து மந்தாரை இலையில் கட்டினாள்.

ராமசுப்பு பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. “தாயி, எதுக்கு இதெல்லாம்” என்றார். கூச்சப்படுகிறார் என்று நினைத்தோம். அதற்கடுத்த வாரமும் நிறுத்தினார். மீன் பத்தவில்லை போல என்று அக்கா நாலு துண்டு கூடுதலாக வைத்தாள். இப்படியே ஒன்றரை வருஷம்.

நிறுத்திய பிறகு எஞ்சின் ஆறும்வரை என்ன செய்வது? நான் பீடி பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பேன். அவர்கள் இருவரும் வண்டிக்குள்ளேயே இருப்பார்கள். மாமா தள்ளுவண்டியில் வேர்க்கடலை வாங்கித் தோல் உரித்துக் கொடுப்பார். அக்கா எதையாவது சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பாள். பிறகு நானும் ஏட்டும் பின்னாலிருந்து தள்ள, வண்டி வீட்டைப் பார்த்துத் திரும்பும். ஆமாம், அவரும் தள்ளுவார்.

“இன்னிக்கும் கல்மண்டபம் வரிக்கும்தான்” என்று தெருப் பெண்களிடம் அக்கா சொல்லுவாள். குரலில் குறை இருக்காது. ஆனால் புடவையை மடித்துப் பெட்டியில் வைக்கும்போது கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டே இருப்பாள். அதை நான் பார்த்திருக்கிறேன்.

1968 மழைக்காலத்தில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதினெட்டு நாள்தான். கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தவள், “வண்டி நல்லா ஓடுதாய்யா?” என்று கேட்டாள். ஓடுது என்றார் மாமா. அன்றைக்கு மறுநாள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ராமசுப்பு வீட்டுக்கு வந்தார். உடுப்பு இல்லை, வேட்டி, சட்டை, நெற்றி நிறைய விபூதி. வாசலிலேயே நின்றவரை மாமா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். ராமசுப்பு தரையைப் பார்த்தபடி பேசினார்.

“அண்ணாச்சி, ஒரு விஷயம் சொல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது. நாங்க சைவம். அந்தத் தாயி குடுத்த மீனை ஒரு நாளும் நான் தின்னதில்ல. சைக்கிள் கடை சௌக்கத் அலிட்ட குடுத்துருவேன். வேண்டாம்னு சொன்னா மனசு நோகுமேன்னுதான் வாங்கினேன்.”

“அப்ப எதுக்கு சார் வாரா வாரம் மடக்குனீங்க?” என்று நான் எகிறினேன்.

“போலீசுக்கு வர்றதுக்கு முந்தி ஊர்ல ஒரு டாக்டர்ட்ட கார் தொடைக்கிற வேலை பாத்தேன். இதே மாரிஸ் எயிட்தான். மூணு வருஷம் தொடைச்சும் ஸ்டியரிங்கில கை வைக்க விட்டதில்ல. உங்க வண்டி தூரத்துல வர்ற சத்தம் கேட்டாலே எனக்கு உசிரு துடிக்கும். டூட்டில நிக்கவன் ஆசையா இருக்குன்னு சொல்லி ஒரு வண்டியைப் பாக்க முடியுமா? அதான் பேப்பர் கேட்டேன்.”

மாமா அவரை முறைக்கவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். “மெரினாவுக்குப் போவணும்னு கேட்டா சார். அதுக்குத்தான் வந்துகினு இருந்தோம்.”

ராமசுப்புவுக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. விளங்கியதும் மனுஷன் ஆடிப்போனார். “ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி! ஒரே ஒரு வார்த்தை!”

“போலீசுகிட்ட இன்னான்னு சொல்றது? பொண்டாட்டிக்கு சுண்டல் வாங்கித் தரணும், வழி வுடுங்கன்னா?”

இரண்டு ஆண்பிள்ளைகளும் வாயைத் திறந்திருந்தால் என் அக்கா ஒரு மாலை நேரம் அந்தக் கடற்கரையில் உட்கார்ந்திருப்பாள். இடையில் மீனைக் கொண்டுபோய் நுழைத்தவன் நான். யார் மேல் கோபப்படுவது?

நாற்பது நாள் பூசை முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, மாமா வண்டியைக் கிளப்பினார். என்னைக் கூப்பிடவில்லை, நானாகப் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். முன் சீட்டில் உட்கார எனக்கு மனசு வரவில்லை. சனி விட்டது என்பதுபோல எஞ்சின் அன்றைக்கு ஒரு இருமல் இல்லாமல் ஓடியது.

கல்மண்டபம் முனையில் ராமசுப்பு எங்களைப் பார்த்துவிட்டார். விசில் ஊதினார். இந்தப் பக்கம் வந்த பஸ்ஸை நிறுத்தினார், அந்தப் பக்கம் வந்த லாரியை நிறுத்தினார். மீன்கூடை வண்டி, ரிக்‌ஷா, சைக்கிள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, நேராக நிமிர்ந்து நின்று எங்களுக்குப் போகச் சொல்லிக் கை காட்டினார். எதிரே ரோடு காலியாகக் கிடந்தது. இப்படியே விட்டால் பதினைந்து நிமிஷத்தில் மெரினா.

மாமா வண்டியை வழக்கமான இடத்தில் ஓரம் கட்டினார். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

“இன்னா மாமா, வழி வுட்டாரே, போலாமே” என்றேன்.

பஸ்காரன் ஹாரன் அடித்தான். ராமசுப்பு ஓடி வந்து ஜன்னல் பக்கம் குனிந்தார். “போங்க அண்ணாச்சி, நான் நிறுத்தல” என்றார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

மாமா பக்கத்துச் சீட்டைப் பார்த்தார். பிறகு எதிரே இருந்த ரோட்டைப் பார்த்தார்.

“இது வரிக்கும்தான் சார் அவ என்கூட வந்தா. இதுக்கு மேல எனுக்கு வழி தெரியாது.”