இருபத்திநாலாவது குரல்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். ஐஸ் கட்டி சுமந்த அதே குளிர்கிடங்கை என் ஐம்பதாவது வயதில் விலைக்கு வாங்கினேன். என் சொந்தக்காரர்களில் இப்படிச் செய்தவன் இன்னொருவன் இருந்தால் காட்டட்டும்.

கிடங்கு ஓய்ந்த பிறகு ஞாயிறு மதியங்களில் பங்க் என்கிற கத்தல் பாட்டுக்காரர்களுக்கு விட்டேன். குயர் கூட்டம். ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண், இரண்டிலும் அடங்காதவர்கள். பாட்டா அது? தகரக் கூரையில் கல்மழை. ஆனால் என் சுவர் அரையடி கனம், தக்கை வைத்து நானே பூசியது. உள்ளே இடி விழுந்தாலும் வெளியே லேசாக அதிரும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு சட்டம் போட்டேன். கதவைச் சாத்தியதும் ஒவ்வொருவரும் கையைத் தூக்கி எண் சொல்ல வேண்டும், திறக்கும்போதும் அப்படியே. குளிர்கிடங்கில் ஆளை உள்ளே விட்டுப் பூட்டிய கதை எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிறு, என்னோடு சேர்த்து இருபத்திமூன்று பேர். எண்ணி முடித்ததும் பழைய குழாய் மூலையிலிருந்து லேசான செருமல். அப்புறம் ஒரு பெண்குரல், "இருபத்திநாலு." அங்கே கை எதுவும் உயரவில்லை. டிரம்ஸ்காரி விளையாடுகிறாள் என்று அவளைத் திட்டினேன். அடுத்த வாரமும் அதே குரல். மூன்றாம் வாரம் எல்லோரையும் அந்த மூலையைப் பார்த்து நிற்க வைத்தேன். வெறும் மூலைதான் பேசியது. எனக்குக் கை சில்லிட்டது, ஐஸ் சுமந்த கை.

காற்று வேண்டிக் கதவைத் திறந்தேன். வெளிப்படியில், சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு. ஓட்டல் சலவைக்கூடத்தில் விரிப்புகள் தேய்ப்பவளாம். மூன்று வாரமாக வந்து, உள்ளே நுழையத் தைரியம் இல்லாமல், சுவர் அதிர்வதை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறாள்.

"எண் சொன்னியாம்மா?" என்றேன்.

"என்ன எண்ணுங்கய்யா?"

தயங்கித் தயங்கிச் சொன்னாள். கல்யாணப் பேச்சு வந்தபோது தனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்று வீட்டில் சொல்லிவிட்டாளாம். "அன்னியிலேர்ந்து யார் கேட்டாலும் எங்கண்ணன், 'நாங்க கூடப் பொறந்தவங்க மொத்தம் மூணு பேரு'ன்னு சொல்றாரு. நாங்க நாலு பேருங்கய்யா."

உள்ளே கூட்டி வந்தேன். கதவைச் சாத்தி மறுபடி எண்ணினோம். என் ஒன்றில் தொடங்கி இருபத்திமூன்றில் நின்றது. அவள் கையைத் தூக்கினாள். லேசாகச் செருமினாள். "இருபத்திநாலு."

அதே குரல். இந்த முறை மூலை வாய் திறக்கவில்லை. டிரம்ஸ்காரிதான் குச்சியை உருட்டியபடி சொன்னாள்: "மூணு வாரமா உள்ளதானடி இருக்கே. இப்ப என்ன புதுசாக் கூச்சம்?"

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். அன்றிலிருந்து அவள் பெயரே இருபத்திநாலு. இரண்டு வருடமாக அங்கே பாடுகிறாள். தொண்டை கிழியக் கத்துவாள், நான்கு தெருவுக்குக் கேட்கும், என் சுவர் இல்லாவிட்டால்.

போன ஞாயிறு முப்பத்தொரு பேர். எண்ணி முடித்தோம். மூலையிலிருந்து மெலிந்த ஆண்குரல் ஒன்று, "முப்பத்திரெண்டு."

யாரும் மூலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்திநாலு மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போனாள்.